சின்னத்தை மாற்றும் முன்: மருத்துவக் கருவி வணிகருக்கு ஒரு பாடம்

யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனியும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் கும்பினியார் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலில் இருந்த வாயில்களுள் ஒன்றின் பெயர் அது. மதில் போய்விட்டது. மதிலுக்காக வரி போட நினைத்த கதை மட்டும் வால்டாக்ஸ் சாலையின் பெயரில் தங்கியிருக்கிறது. ஆனாலும் லாரி பார்சல் சீட்டில் "யானைக்கவுனி" என்று எழுதினால் போதும், மால் தவறாமல் வந்து இறங்குகிறது. மக்கள் மனத்தில் ஒருமுறை பதிந்துவிட்ட பெயருக்கு அவ்வளவு வலிமை.

நமது கடையின் சின்னமும் அப்படிப்பட்டதுதான். இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நைனியப்ப நாயக்கன் தெருவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் சர்ஜிகல் சாமான்கள், ஆய்வுக்கூடக் கண்ணாடிப் பொருள்கள், ரசாயனங்கள் விற்றுவரும் நம் உறுப்பினர்களில் பலர் அடுத்த படிக்கு ஏறியிருக்கிறார்கள். பஞ்சும் பேண்டேஜும் விற்ற கடையில் இன்று நோயாளிக் கண்காணிப்புக் கருவியும், ரத்தப் பரிசோதனை இயந்திரமும், அதனுடன் ஓடும் கம்ப்யூட்டர் மென்பொருளும் விற்கிறோம். படித்துவிட்டு வந்து கல்லாவில் உட்காரும் பிள்ளைகள் முதலில் சொல்வது, "அப்பா, நம்ம லோகோ ரொம்பப் பழசா இருக்கு, மாத்திடலாம்" என்பதே. பிள்ளைகள் சொல்வது தவறில்லை. ஆனால் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று தெரியாமல் இறங்கினால் கைப்பொருள் போகும். அடியேன் கைப்பொருள் போன பிறகு கற்றதையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. எங்கள் கடையில் நடந்தது

என் தகப்பனார் காலத்துச் சின்னம் ஒரு நீல வட்டம். அதற்குள் ஒரு கைவிளக்கு. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சிலுவை. வெளியூர் வாடிக்கையாளர்கள் எங்கள் பெயரைச் சொல்வது குறைவு. "விளக்கு மார்க் பேண்டேஜ் அனுப்புங்க" என்றுதான் கார்டு எழுதுவார்கள்.

2014ல் கருவி வியாபாரம் பெருகியதும், ஒரு வடிவமைப்பாளரைப் பிடித்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினோம். கடைப்பெயருக்குப் பதில் மூன்று ஆங்கில எழுத்து. நீலத்துக்குப் பதில் பச்சையும் ஆரஞ்சும். விளக்கு இருந்த இடத்தில் இறக்கை முளைத்த கோலில் இரண்டு பாம்பு. பார்க்க அழகாகவே இருந்தது.

ஒரு மாதத்துக்குள் வெளி மாவட்ட மருத்துவமனை ஒன்றின் ஸ்டோர்ஸிலிருந்து போன் வந்தது. "சார், இது நீங்க அனுப்புன மால்தானா? டெண்டர் சாம்பிள்ல விளக்கு மார்க் இருந்துச்சு. வந்த பெட்டியில வேற என்னமோ போட்டிருக்கே" என்றார் ஸ்டோர் கீப்பர். விளக்கம் சொன்னேன். "எழுத்துல குடுங்க சார், அதுவரைக்கும் உள்ள எடுக்க முடியாது" என்று 11 பெட்டிகளையும் திருப்பிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அறுவை அறைக்குள் போகிற பொருள், அடையாளம் மாறி வந்தால் சந்தேகப்படுவதுதான் அவர் கடமை. பில் பாஸாக நான்கு மாதம் ஆயிற்று.

கோடவுனிலும் குழப்பம். முப்பது வருடமாக எங்களிடம் மூட்டை இறக்குபவர், "எது நம்ம மால், எது கமிஷன் மால்னு தெரியலீங்க மொதலாளி, எல்லாம் பச்சையா இருக்கு" என்றார். அவருக்கு ஆங்கில எழுத்துப் படிக்க வராது. விளக்கைப் பார்த்தே முப்பது வருடம் பிழையில்லாமல் அடுக்கியவர் அவர். அன்று இரவுதான் உறைத்தது: சின்னம் எனக்காக இல்லை, அதைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்காக இருக்கிறது.

2. பெரிய நிறுவனங்கள் என்ன செய்தன?

நம்மைவிடப் பன்மடங்கு பெரியவர்கள், எத்தனை செலவானாலும் தாங்கக்கூடியவர்கள், இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். மூன்று உதாரணங்கள் நமக்குப் போதும்.

முதலாவது, ஜான்சன் அண்ட் ஜான்சன். 1886ல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. நிறுவனர்களுள் ஒருவரான ஜேம்ஸ் உட் ஜான்சனின் கையெழுத்தை ஒட்டிய சிவப்புக் கூட்டெழுத்து 1887 முதல் அவர்கள் சின்னமாக இருந்தது. குழந்தைப் பவுடர் டப்பாவில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். 2023ல் பவுடர், ஷாம்பு, பிளாஸ்திரி போன்ற வீட்டுச் சரக்குகளைக் கென்வ்யூ என்ற தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டு, மருந்தும் மருத்துவத் தொழில்நுட்பமும் ஆகிய இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி 136 வருடக் கையெழுத்தை மாற்றி, தனித்தனியாகப் படிக்கக்கூடிய எளிய எழுத்தை அறிவித்தார்கள். எழுத்தின் உருவம் மாறியது. பெயர் மாறவில்லை, சிவப்பு மாறவில்லை. குழந்தைச் சரக்கில் பழைய கையெழுத்தையே விட்டுவைத்தார்கள். தாய்மார்களுக்குப் பழகிய இடத்தில் அவர்கள் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, ஜி.இ. ஹெல்த்கேர். ஸ்கேன் இயந்திரத் தொழிலில் உள்ளவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். நம் நாட்டில் 1990ல் விப்ரோவுடன் கூட்டாகப் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி வழியாக வந்தவர்கள். தாய்க் கம்பெனியான ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து 2023 ஜனவரியில் தனியாகப் பிரிந்தார்கள். வட்டத்துக்குள் சுருள் எழுத்தாக இருக்கும் அந்த நூறு வருடத்துக்கு மேற்பட்ட முத்திரையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நீலத்தை மட்டும் ஊதாவாக்கினார்கள். இயந்திரக் கம்பெனி என்ற குளிர்ச்சி போய், பரிவும் மனிதத்தன்மையும் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த நிறம் என்று அவர்களே சொன்னார்கள். இங்கே நிறம் மாறியது; வடிவம் நின்றது.

மூன்றாவது, பிலிப்ஸ். நட்சத்திரமும் அலையும் கொண்ட அவர்கள் கேடயச் சின்னம் 1930களில் உருவானது. ரேடியோவும் பல்பும் விற்ற கம்பெனி மருத்துவக் கருவிப் பக்கம் முழுதாகத் திரும்பிய காலத்தில், 2013ல், அந்தக் கேடயத்தைத் திருத்தி வரைந்தார்கள். அதே கேடயம், அதே நட்சத்திரம், அதே அலை. போன் திரையில் சிறியதாகப் போட்டாலும் தெரியும்படி கோடுகளை மட்டும் எளிமையாக்கினார்கள். பிறகு விளக்கு வியாபாரத்தைப் பிரித்தார்கள். அந்தக் கம்பெனிக்கு 2018ல் சிக்னிஃபை என்று பெயர் வந்தது. ஆனால் நம் எலெக்ட்ரிக்கல் கடைகளில் விற்கும் பல்பில் உரிமம் பெற்றுப் பிலிப்ஸ் பெயரையே போட்டார்கள். கம்பெனிப் பெயர் மாறலாம், வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் பெயர் மாறக்கூடாது என்பது அவர்கள் கணக்கு.

இந்த மூன்றிலும் ஒரே சூத்திரம் தெரிகிறது. ஒரு சின்னத்தில் மூன்று அங்கங்கள் உண்டு: பெயர், வடிவம், நிறம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினார்கள். மற்ற இரண்டும் அதைத் தாங்கி நின்றன. நான் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். வாடிக்கையாளர் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட மிச்சமில்லை.

3. கட்டாயம் மாற்ற வேண்டியது எது?

விருப்பத்துக்காக மாற்றுவது ஒரு வகை. சட்டத்துக்காக மாற்றியே தீர வேண்டியது இன்னொரு வகை. நம் தொழிலில் அது சிவப்புச் சிலுவை.

வெள்ளைத் தளத்தில் சிவப்புச் சிலுவை மருத்துவத்தின் பொதுச் சின்னம் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. 1864ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தப்படி, போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் காக்கும் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் செஞ்சிலுவை அமைப்புக்கும் உரியது அது. அதைப் பார்த்தால் சுடக்கூடாது என்பதே அதன் பொருள். ஒவ்வொரு கடையும் அதைப் போட்டுக்கொண்டால், சுடக்கூடாத இடம் எது என்ற அடையாளமே மங்கிவிடும்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. 13ஆம் பிரிவு 500 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. ஐந்நூறுதானே என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சின்னம் போட்ட சரக்கு பறிமுதலாகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நிறத்தைத் திருப்பி, சிவப்புத் தளத்தில் வெள்ளைச் சிலுவை போட்டாலும் தப்ப முடியாது. அது சுவிட்சர்லாந்து நாட்டின் சின்னம், அதுவும் அதே பிரிவில் அடங்கியது. செம்பிறையும் அப்படியே. முதலுதவிக்குச் சர்வதேசத் தர அடையாளம் பச்சைத் தளத்தில் வெள்ளைச் சிலுவை.

அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் சிவப்புச் சிலுவை போடுகிறதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அங்கே 1905க்கு முன்பே பயன்படுத்தியவர்களுக்கு மட்டும் சட்டம் விலக்கு அளித்தது. அப்படியும் 2007ல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் அவர்களுக்கும் வழக்கு நடந்து, 2008ல் சமரசமாயிற்று. அந்த விலக்கு நமக்கு இல்லை.

என் இரண்டு பாம்புச் சின்னத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கர்களின் மருத்துவத் தெய்வமான அஸ்கிளீப்பியஸின் கோலில் ஒரே பாம்பு, இறக்கை கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பது அதுதான். இறக்கையும் இரண்டு பாம்பும் உள்ள கோல், தூதும் வணிகமும் காக்கும் ஹெர்மிஸ் தெய்வத்துடையது. 1902ல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு அதை எடுத்துக்கொண்ட பிறகு குழப்பம் உலகெங்கும் பரவியது. வணிகர் என்ற முறையில் எனக்கு அது பொருந்தும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கருவி வாங்க வந்த ஒரு டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

4. மருத்துவத் துறைக்கு உள்ள கடுமை

பட்டாசுப் பெட்டியின் சின்னம் இன்னொன்றைப் போல இருந்தால் வியாபாரம் கெடும். மருந்துப் பெட்டி அப்படி இருந்தால் உயிர் போகும். இதை உச்ச நீதிமன்றம் 2001ல் கேடிலா வழக்கில் தெளிவாக்கியது. ஒரே குழுமத்திலிருந்து பிரிந்த இரண்டு கேடிலா கம்பெனிகள். ஒன்று ஃபால்சிகோ என்றும் மற்றொன்று ஃபால்சிடாப் என்றும் கடுமையான மலேரியாவுக்கு மருந்து விற்றன. டாக்டர் சீட்டில் விற்கும் மருந்தாக இருந்தாலும், பெயர்க் குழப்பத்தை மற்றப் பொருள்களைவிடக் கடுமையாகவே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் நெறி வகுத்தது. அந்த இரண்டில் கேடிலா ஹெல்த்கேர் 2022ல் சைடஸ் லைஃப்சயின்சஸ் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. அப்போதும் சைடஸ் என்ற பெயர் சந்தைக்குப் புதியதல்ல. பல வருடம் "சைடஸ் கேடிலா" என்று சேர்த்துப் பழக்கிய பிறகே பழையதை உதிர்த்தார்கள்.

ஆகவே புதுச் சின்னம் வரைந்து வந்தவுடன், டிரேட் மார்க் அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் கட்டணமில்லாமல் தேடிப் பாருங்கள். நம் வட்டாரக் கடைகளின் பெட்டிகளையும் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கி, நடுவில் உங்களுடையதை வையுங்கள். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

5. ஐந்து சோதனைகள்

வடிவமைப்பாளர் கம்ப்யூட்டர் திரையில் காட்டும்போது எந்தச் சின்னமும் நன்றாகவே இருக்கும். கீழ்க்கண்ட ஐந்திலும் தேறினால் மட்டும் பணம் கொடுங்கள்.

ஒன்று, கறுப்பு வெள்ளை. நம் பில் கறுப்பு மையில்தான் அச்சாகிறது. நிறத்தை எடுத்துவிட்டால் அடையாளம் தெரிகிறதா?

இரண்டு, ரப்பர் ஸ்டாம்ப். ஒரு அங்குல அளவில் சலானில் குத்திப் பாருங்கள். மெல்லிய கோடுகள் மையில் அடைபட்டால் அந்த வரைபடம் உதவாது.

மூன்று, அட்டைப்பெட்டி. தகட்டில் வெட்டி மை தடவினால் பதிகிறதா? மழையில் நனைந்த பெட்டியிலும் தெரிகிறதா?

நான்கு, போன். வாட்ஸ்அப்பில் வட்டப் படமாக, சுண்டுவிரல் நக அளவில் தெரிய வேண்டும். இன்று பாதி ஆர்டர் அதில்தான் வருகிறது.

ஐந்து, தமிழ். கடைப் போர்டில் தமிழ்ப் பெயரே முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது தமிழக விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும். ஆங்கில எழுத்தை மட்டும் வைத்து வரைந்த சின்னம் போர்டு எழுதும் நாளில் தடுமாறும். முதலிலேயே தமிழ் எழுத்தையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள்.

6. பதிவும் பத்திரமும்

பழைய சின்னம் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் பாருங்கள். 1999ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதன் 22ஆம் பிரிவுப்படி, அடையாளத்தின் சாரம் கெடாத சிறு திருத்தத்தைப் பழைய பதிவிலேயே செய்ய அனுமதி கேட்கலாம். அடியோடு மாற்றினால் புது விண்ணப்பம்தான். ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்ற நம் சூத்திரத்துக்குச் சட்டத்திலும் இப்படி ஒரு லாபம் இருக்கிறது.

விண்ணப்பம் வகுப்புவாரியாகச் செய்ய வேண்டும். மருந்துக்கும் பேண்டேஜுக்கும் 5, மருத்துவக் கருவிக்கு 10, பதிவிறக்கும் மென்பொருளுக்கு 9, மென்பொருள் சேவைக்கு 42, கடை வியாபாரத்துக்கு 35. பஞ்சுக் கடையாக இருந்தபோது 5ல் மட்டும் பதிந்தவர்கள், கருவியும் மென்பொருளும் விற்கத் தொடங்கியதும் மற்ற வகுப்புகளிலும் பதிந்துகொள்வது அவசியம். 2017 விதிகளின்படி இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், சிறுநிறுவனங்களுக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். நம் வட்டாரத்துக்கான அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. பதிவு கிடைக்கும்வரை "டி.எம்." என்று மட்டும் போடலாம். வட்டத்துக்குள் "ஆர்" போடுவது பதிவான பிறகே.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய சின்னத்தைத் தொடர்ந்து ஐந்து வருடம் பயன்படுத்தாமல் விட்டால், அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி மற்றொருவர் மனுப் போடலாம். எனவே ஏதாவது ஒரு சரக்கில் அதை உயிரோடு வைத்திருங்கள். அடுத்து, வரைந்தவரிடம் ரசீது வாங்கினால் மட்டும் போதாது. பதிப்புரிமை முழுவதையும் கடைக்கு மாற்றித் தருவதாகக் கையெழுத்திட்ட பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு சட்டத்தில் நிற்காது.

மருத்துவக் கருவிகள் விதிகள் 2017ன்படி லேபிளில் இருக்க வேண்டிய தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், லாட் எண், காலாவதித் தேதி ஆகியவை சின்னத்துக்காக ஒதுங்கவோ சுருங்கவோ கூடாது. நர்ஸம்மா முதலில் தேடுவது காலாவதித் தேதியை, நம் சின்னத்தை அல்ல.

7. மாற்றும் முறை

திருப்பி வந்த 11 பெட்டிகளுக்குப் பிறகு நாங்கள் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். சின்னம் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினோம். போர்டு, பில், சலான், ஸ்டாம்ப், லெட்டர் பேட், பெட்டி, ஸ்டிக்கர், டெம்போ, பையன்கள் சட்டை, டெண்டர் பைல் என்று 17 இடம் வந்தது. விளக்கையும் நீல வட்டத்தையும் திரும்பக் கொண்டுவந்தோம். சிவப்புச் சிலுவையை நிரந்தரமாக எடுத்தோம். விளக்கின் கோடுகளைக் குறைத்தோம். பழைய பெயரையே தமிழில் மேலே, ஆங்கிலத்தில் கீழே வைத்தோம்.

அதற்குப் பிறகு எல்லா மருத்துவமனை ஸ்டோர்ஸுக்கும் டீலர்களுக்கும், பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட ஒரு கடிதத்தை, கடை முத்திரையும் கையெழுத்தும் வைத்து, மால் போவதற்கு ஒரு மாதம் முன்பே அனுப்பினோம். கையிருப்புப் பெட்டிகளில் சிலுவை இருந்தவற்றின்மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். மற்றவை தீரும்வரை பழையபடியே போயின. ஒரு பெட்டியும் திரும்பவில்லை. புதுப் பெட்டி வந்த அன்று மூட்டை இறக்குபவரிடம் காட்டினேன். "விளக்கு வந்துடுச்சுங்களா, சரி" என்று சொல்லிவிட்டு அடுக்கப் போய்விட்டார். அதற்கு மேல் எந்த ஒப்புதலும் எனக்குத் தேவைப்படவில்லை.

உறுப்பினர்கள் சின்னத்தை மாற்ற முடிவெடுக்குமுன் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு:

நம் சின்னத்தில் சட்டம் தடுத்தது எதுவும் இருக்கிறதா?
வாடிக்கையாளர் நம்மை எதைச் சொல்லி அழைக்கிறார்: பெயரையா, படத்தையா, நிறத்தையா? அதைத் தொடாமல் விட்டோமா?
மாற்றுவது ஒன்றா, மூன்றுமா?
புதுப் பெட்டியைப் பார்க்கப் போகிறவருக்கு முன்கூட்டிச் சொன்னோமா?

இந்த நான்குக்கும் பதில் எழுதிவைத்த பிறகு வடிவமைப்பாளரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். நாளை அந்தப் பெட்டியில் மால் அனுப்பப் போகிறவர்கள் அவர்கள்தானே.